புலி கேட்ட பக்கம்

புலி வந்து உட்கார்ந்த அன்று பூரணம் நாற்பத்தோராவது பக்கத்தில் இருந்தாள்.

காலை ஆறேகால் மணி. மாரிமலை எஸ்டேட்டின் மேல்டிவிஷனில் பத்து வீடுகள் ஒரே தகரக் கூரையின்கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கிற லைனில் கடைசி வீடு அவளுடையது. வீட்டுக்கு முன்னால் தண்ணீர்க் குழாய், குழாயை ஒட்டித் துணி துவைக்கிற கல், கல்லைத் தாண்டினால் தேயிலைச் செடிகள். அந்தக் கல்லில் உட்கார்ந்து, எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டு அவள் படித்துக்கொண்டிருந்தபோது, செடிகளுக்கு நடுவே கொழுந்து சுமந்து வருகிற ஒற்றையடிப் பாதையில் புலி நடந்து வந்தது. வந்து, பதினெட்டு அடி தள்ளி இருந்த மரத்தடியில், ரேஷன் கடையில் தன் முறைக்குக் காத்திருக்கிற ஆளைப்போல உட்கார்ந்து, அவள் பக்கம் முகத்தைத் திருப்பியது.

அவள் எழுந்து ஓடப் பார்த்தாள், கால் வரவில்லை. கத்தப் பார்த்தாள், வாய் அப்போது ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தது, அதனால் அந்த வாக்கியத்தின் மிச்சமே வெளியே வந்தது. புலி காதை முன்னால் திருப்பியது. அவள் அடுத்த வாக்கியத்தைப் படித்தாள். அதற்கடுத்ததையும் படித்தாள். பக்கத்தின் பாதியில், அடுப்பில் வைத்த பால் பொங்கியிருக்குமே என்று மனசு வீட்டுக்குள் ஓடியது. வாய் மட்டும் நிற்காமல் படித்துக்கொண்டிருந்தது. அந்தக் கணமே புலி எழுந்து ஓரடி முன்னால் வைத்தது. பூரணம் பாலை விட்டுவிட்டு மனசை எழுத்துக்கு இழுத்து வந்தாள். புலி திரும்பவும் உட்கார்ந்தது. பக்கம் முடிந்ததும் எழுந்து, வந்த வழியே போய்விட்டது. பால் அடுப்பெல்லாம் வழிந்து கிடந்தது.

அவள் அந்தப் புத்தகத்தை எடுத்ததே ரத்த அழுத்தத்தினால்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இருபத்தேழு வருஷமாகக் கொழுந்தெடுப்பவள், புருஷன் போய்ச் சேர்ந்து, மகன் திருப்பூருக்குப் போய்விட்ட பிறகும் நாலு பேருக்குப் பதில் சொல்கிறவளைப்போல அவசரத்திலேயே இருந்தாள். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுவாள். செடிக்கு முன்னால் நிற்கும்போது வீட்டையும் வீட்டில் இருக்கும்போது செடியையும் நினைப்பாள். கொழுந்து வெட்டுகிற கத்தரியில் ஒரே மாதத்தில் இரண்டு விரலைக் கிழித்துக்கொண்டாள். தையல் போட்ட எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸம்மா, மாத்திரை கொடுத்ததோடு விடாமல், தினமும் காலையில் கால் மணி நேரம் ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்யச் சொன்னார். சும்மா உட்கார பூரணத்துக்கு முடியவில்லை. பூட்டிக் கிடந்த தொழிலாளர் கிளப்பின் அலமாரியிலிருந்து அட்டை போன ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தாள். தொலைந்துபோன தம்பியைத் தேடி ஆற்றோடு ஊர் ஊராகப் போகிற ஒரு பரிசல்காரனின் கதை அது. நாளுக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் அவளுக்கு ஓடாது, அதற்குக் கீழே அவள் விடவுமில்லை.

மறுநாளும் புலி வந்தது. அதற்கு மறுநாளும். ஒரு வாரத்துக்குள் லைன் முழுவதும் அதற்குப் பழகிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் பிறகு கதவைப் பாதி திறந்து பார்த்தார்கள். குழாயடிக்கு வருகிற நேரத்தை ஆறு மணியிலிருந்து ஏழுக்கு மாற்றிக்கொண்டார்கள். கோழிகளை அதன்பிறகு திறந்துவிட்டார்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள வருகிற ஜீப்பைக் கீழ் வளைவிலேயே நிற்கச் சொன்னார்கள். வேலைக்குப் பேர் கொடுக்கிற நேரத்தை அரைமணி தள்ளிவைக்க சூப்பர்வைசர் கதிரேசன் மேலே எழுதி அனுமதி வாங்கினார். வனத்துறைக் காவலர் நஞ்சப்பன் மூன்று நாள் கீழ்ப்பாதையில் நின்று பார்த்துவிட்டு, தன் நோட்டில் ‘வந்தது, உட்கார்ந்தது, கேட்டது, போனது’ என்று எழுதினார். ‘கேட்டது’ என்றால் என்ன என்று அலுவலகத்தில் விளக்கம் கேட்டதால் அதை அடித்துவிட்டு ‘இருந்தது’ என்று திருத்தினார்.

புலி ஏன் வருகிறது என்று யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை. வந்துபோவதால் ஆகிற நன்மை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. போன மழைக்காலத்தில் இதே புலி நாலு மாட்டை அடித்திருந்தது. மாட்டைக் காப்பாற்றப் போன சந்தியாகுவின் இடது கையை முழங்கைவரை மென்றிருந்தது. அது பூரணத்தின் பக்கத்தை வந்து கேட்க ஆரம்பித்த பிறகு மூன்று டிவிஷனிலும் ஒரு ஆட்டுக்குட்டிகூடக் குறையவில்லை. அதனால் பெண்கள் பூரணத்துக்குத் தண்ணீர் பிடித்து வைத்தார்கள், விறகு கொண்டுவந்து போட்டார்கள், அவள் தும்மினால் சுக்குக் கஷாயம் மூன்று வீட்டிலிருந்து வந்தது.

ஒரு வீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. அது அடுத்த வீடு, சந்தியாகுவின் வீடு. அவர் மனைவி அருளாயி பூரணத்தைவிட மூன்று வயது மூத்தவள். இரண்டு பேரும் பதினைந்து வருஷமாக ஒரே வரிசையில் கொழுந்தெடுத்தவர்கள். புலி வரத்தொடங்கிய பத்தாம் நாள் அருளாயி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரர் கையைத் தின்ன புலி அது. அதுக்கு நீ கதை படிச்சுக் காட்டுற.”

“நான் கூப்பிடலையேக்கா.”

“வந்ததுக்கு அப்புறம் நிறுத்தவும் இல்லையே.”

குடம் நிறைந்தது. அருளாயி அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். அன்றைக்குப் பிறகு அவள் பூரணத்தோடு பேசவில்லை, செடிக்காட்டில் வரிசையையும் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கெட்டது தொடங்கியது இரண்டாவது மாதத்தில். அதற்குள் மற்ற டிவிஷன்களிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். விடியுமுன்னே வந்து லைன் வாசல்களில் இடம்பிடித்து, கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி நின்றார்கள். நாற்பது ஐம்பது பேர் தன் முதுகைப் பார்க்கிறார்கள் என்பது பூரணத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது. அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். திக்கித் திக்கி வந்த இடங்களை முதல்நாளே வீட்டுக்குள் சொல்லிப் பார்த்து வந்து, ரேடியோவில் பேசுகிறவர்களைப்போல ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். புலி பதினெட்டு அடியில் உட்காராமல் பதினேழில் உட்கார்ந்தது.

கதிரேசன்தான் அதை முதலில் கவனித்தார். புலி போனதும் அது இருந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். மறுநாள் அடுத்த கோடு ஓரடி முன்னால் விழுந்தது. அதற்கு மறுநாள் இன்னும் ஓரடி. லைன் முழுக்க இப்போது கோடுகளைத்தான் பார்த்தது. பதினைந்து, பதினாலு, பதிமூன்று. ஒரு பக்கம் பற்றவில்லையோ என்று மூன்று பக்கம் படிக்கச் சொன்னார்கள், படித்தாள். கோடு முன்னால்தான் வந்தது. சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள், தொண்டை கிழியப் படித்தாள். கோடு முன்னால்தான் வந்தது. அவள் குரலைக் கைபேசியில் பிடித்து, கோயில் கொடைக்கு வாங்கிய ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அவளை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார் கதிரேசன். புலி ஒலிபெருக்கியை முகர்ந்து பார்த்தது, பிறகு ஒரே அறையில் அதைச் சப்பையாக்கிவிட்டு, கதவுக்குப் பின்னால் பூரணம் நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் புத்தகத்தோடு வெளியே வந்தபிறகுதான் உட்கார்ந்தது. அன்று கோடு ஒன்பதில் விழுந்தது.

தன் வாயிலிருந்து வருகிற சொற்கள் வெறும் தொலியாக வருகின்றன என்று அவளுக்கே தெரிந்தது. எழுத்தில் கவனம் வை, எழுத்தில் கவனம் வை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்; அப்படிச் சொல்லிக்கொள்கிற சத்தமே எழுத்தை மறைத்தது. பரிசல் எந்த ஊரில் ஒதுங்கியிருக்கிறது என்று படித்து முடித்த மறுநிமிஷம் கேட்டால் அவளால் சொல்ல முடியாது. கோடு எங்கே என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். சோறு இறங்கவில்லை. மகனுக்குப் போன் செய்து வந்துவிடட்டுமா என்று கேட்டாள். அவன் உடனே கிளம்பி வரச் சொன்னான். ஆனால் துணிமூட்டையைக் கட்டியபோது நாலாவது வீட்டுக்காரி கைக்குழந்தையோடு வந்து மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூரணம் மூட்டையை அவிழ்த்துவிட்டாள்.

கோடு ஐந்தடிக்கு வந்த அன்று புலியின் மூச்சில் தாள் ஆடியது. ஈர மண்ணும் பழைய ரத்தமும் கலந்த வாடை அவள் மேல் படர்ந்தது. எப்படிப் படித்து முடித்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. மறுநாள் விடிந்தபோது உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. குரல் சுத்தமாகப் போய்விட்டிருந்தது.

ஆறு மணிச் சங்கு ஊதியதும் கதிரேசன் வந்து கதவைத் தட்டினார். அவள் நிலையைப் பார்த்தார். கிசுகிசுப்பாகவாவது ஒரு பக்கம் படித்துவிடும்படி, எந்த ஆளிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத அந்த மனுஷர் கெஞ்சினார். அவள் தொண்டையைத் தொட்டுக்காட்டித் தலையசைத்தாள். அதற்குள் வாசலில் இருந்த கூட்டம் கலைந்து ஓடுகிற சத்தம் கேட்டது. கதிரேசனுக்கு வேறு வழி தோன்றவில்லை. அவரே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பூரணம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு நகர்ந்தாள்.

கதிரேசன் கல்லில் உட்காரவில்லை. நின்றபடியே, முப்பது வருஷமாக ஆட்களின் பேரைக் கூப்பிட்ட அதே குரலில், ஒவ்வொரு சொல்லாகப் புலியைப் பார்த்துப் பார்த்துக் கூவினார். புலி உட்காரவே இல்லை. நேராக வந்தது. ஐந்தடிக் கோட்டைத் தாண்டியது, குழாயைத் தாண்டியது, கதிரேசனையும் ஒரு கம்பத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டி, வீடுகளுக்கு முன்னால் இருக்கிற சிமெண்டுத் தரையில் ஏறி, லைன் வழியே நடக்கத் தொடங்கியது. கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. உள்ளே தாய்மார் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தகரக் கூரையில் சொட்டுகிற பனித்துளியின் சத்தமும், புலியின் நகம் சிமெண்டில் படுகிற சத்தமும் தவிர மலையில் வேறு சத்தமில்லை.

ஒரு கதவு மட்டும் அடைபடவில்லை. அடைக்க முடியாதபடி நிலையை மறைத்துக்கொண்டு அருளாயி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் சுளகும் சுளகில் அரிசியும். அந்த நேரத்துக்கு அவள் தினமும் அங்கேதான் உட்கார்ந்து கல் பொறுக்குவாள். பூரணத்தின் வாசலில் ஊரே திரண்டிருந்த நாட்களிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பாயில் சந்தியாகு படுத்திருந்தார். புலி அவளுக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது.

அருளாயி நிமிரவில்லை. பூரணம் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திப் பார்த்தாள்: விரல்கள் அரிசியை ஒதுக்கின, ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டன, ஒரு நெல்லை எடுத்துத் தனியே வைத்தன, மறுபடி ஒதுக்கின. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. கல் விழுந்த சின்னச் சத்தத்துக்குப் புலியின் காது அசைந்தது. பிறகு அது முன்னங்கால்களை நீட்டிப் படுத்து, அவற்றின்மேல் தாடையை வைத்துக்கொண்டு, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது. சுளகின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அவள் பார்த்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. முடித்து, அரிசியைப் பானையில் கொட்டிக்கொண்டு உள்ளே போனாள். புலி எழுந்து காட்டுக்குப் போனது.

பூரணம் போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அருளாயி உலைக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். பாதித் தண்ணீர் பானைக்கு வெளியே சிந்தியது.

“பயமா இல்லையாக்கா?” காற்றாக வந்தது பூரணத்தின் குரல்.

அருளாயி பானையை மூடினாள். “பயந்துக்கிட்டே பார்த்தா கல்லு கண்ணுக்குத் தெரியாது. பயத்தை அப்புறம் வெச்சுக்கலாம்னு இருந்துட்டேன்.” பிறகு அடுப்பைப் பார்த்தபடியே, “இவர் கையைப் பார்க்கிறப்ப எல்லாம் எனக்கு அது மேல ஆத்திரம் வருது. அரிசியைப் பார்க்கிறப்ப வரல. அவ்வளவுதான்” என்றாள்.

அன்று மாலைக்குள் கதிரேசன் ஒரு முறைப்பட்டியல் தயாரித்துவிட்டார். இனி ஒரு நாள் பூரணம் படிப்பது, ஒரு நாள் அருளாயி கல் பொறுக்குவது, இருவருக்கும் லேசான வேலை. குழாயடியில் எல்லோரையும் கூட்டி அதை வாசித்தார். பூரணம் முன்னால் வந்தாள். குரல் கரகரவென்று பாதி திரும்பியிருந்தது. கூட்டத்தில் அவள் வாழ்நாளில் பேசியதில்லை. தனக்கு வேடிக்கை பார்க்கிற கூட்டம் வேண்டாம், கோடு வேண்டாம், லேசான வேலையும் வேண்டாம் என்றாள். நாளையிலிருந்து சங்கு ஊதியதும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் வாசலில் தங்களுக்கு என்று ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்; கால் மணி நேரம் அதில் மட்டும் இருக்க வேண்டும்; புலி யார் வாசலுக்கு வேண்டுமானாலும் வரும்.

சலசலப்பு எழுந்தது. நாலாவது வீட்டுக்காரி குழந்தையை மாற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “அப்ப எங்களையும் இதுல மாட்டிவிடுறீங்களாக்கா?”

“ஆமா,” என்றாள் பூரணம். “இத்தனை நாள் நான் ஒருத்தி மாட்டியிருந்தேன்.”

இரண்டு குடும்பங்கள் அன்றைக்கே சாமான்களோடு கீழ் டிவிஷனுக்குப் போய்விட்டன. மற்றவர்கள் அந்த ராத்திரியை எப்படிக் கழித்தார்களோ, காலையில் சங்கு ஊதியபோது எட்டு கதவுகள் திறந்தன.

ஒருத்தி மகளின் தலையைச் சிக்கெடுத்தாள். ஒருவர் உடைந்த குடைக் கம்பியைக் கட்டினார். நாலாவது வீட்டுக்காரி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்க அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கதிரேசன் தன் குவார்ட்டர்ஸில் இருந்திருக்கலாம், வரவேண்டியதில்லை. ஆனால் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, காலியான வீடொன்றின் வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டார். அருளாயி சுளகோடு உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில், அன்றுதான் முதல்முறையாக, சந்தியாகுவும் வந்து உட்கார்ந்தார். தோளில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தார், பொத்தான் போடவில்லை. கடைசியில் துவைக்கிற கல்லில் பூரணம் புத்தகத்தைப் பிரித்தாள். கோடுகள் கண்ணில் பட்டன. செடிகளுக்கு நடுவில் பாதை அசைவதுபோல இருந்தது. விரலை முதல் எழுத்தின் அடியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை லைனில் இருந்த ஒவ்வொருவரும் பல வருஷம் சொன்னார்கள். புலி வந்தது. கதிரேசனுக்கு முன்னால் நின்றது. அவர் பிரஷ் நின்று, பிறகு ஒரு பூட்ஸின் மூக்கில் மெதுவாக வட்டம் போடத் தொடங்கியது. ஒரு பூட்ஸ் பளபளக்கிறவரை புலி நின்று பார்த்தது. எண்ணெயில் மினுங்கிய குழந்தையைத் தாண்டியது, குடையைத் தாண்டியது, சந்தியாகுவின் முன்னால் வந்து உட்கார்ந்தது. சந்தியாகு அதன் முகத்தைப் பார்த்தார். அருளாயியின் விரல் அரிசிக்குள் அப்படியே நின்றுவிட்டது. எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. சந்தியாகு ஒரே கையால் சட்டையின் மேல் பொத்தானை எடுத்து, துளையைத் தேடி, தவறவிட்டு, மறுபடி எடுத்து, கட்டைவிரலால் தள்ளி நுழைத்தார். அதுவரை தினமும் மனைவிதான் அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். இரண்டாவது பொத்தான். மூன்றாவது. புலி கண்ணை மூடவில்லை, வாலை அசைக்கவில்லை. ஆறாவது பொத்தானைப் போட்டு முடித்துச் சந்தியாகு நிமிர்ந்தார், நெற்றியெல்லாம் வியர்வை. “சரி, போ,” என்று அதனிடம் சொன்னார். வேலை முடிந்த ஆளை வீட்டுக்கு அனுப்புகிற குரலில்தான் சொன்னார். அது எழுந்து போனது.

அதைப் பார்க்காத ஒரே ஆள் பூரணம்.

பகலில் செடிக்காட்டில் அருளாயி தன் பழைய வரிசைக்கு வந்துவிட்டிருந்தாள். கொழுந்தை வெட்டிப் பைக்குள் தள்ளியபடியே ஆறு பொத்தானையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, நம்ப முடியாதவளாகப் பூரணத்தைப் பார்த்தாள்.

“உனக்கு நிஜமாவே தெரியலையா? பக்கத்து வாசல்தானே?”

“தெரியலக்கா. பரிசல் அப்பதான் சுழல்ல மாட்டியிருந்துச்சு. பக்கம் திருப்பினதுகூட எனக்கு ஞாபகம் இல்ல. அடுத்த சங்கு ஊதினப்ப பார்த்தா நாலு பக்கம் தாண்டியிருக்கேன்.”

அருளாயியின் கத்தரி கொஞ்ச தூரம் வெட்டிக்கொண்டே போனது. வரிசையின் பாதியில், செடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“அப்புறம்?”

பூரணம் சொல்லத் தொடங்கினாள்.